நினைவால் பொரியாத முட்டைகள்

பறவை தன் முட்டையைத் தொட்டுப் பொரிக்கிறது. மீன் பார்த்துப் பொரிக்கிறது. ஆமையோ கரையில் முட்டையை இட்டுவிட்டுக் கடலில் இருந்தபடியே நினைந்து நினைந்து பொரிக்கிறது என்று நம் முன்னோர் நம்பினர். குரு தம் மாணவனுக்கு அருளும் வகைகளை விளக்கச் சைவப் பெரியோர் இம்மூன்றையும் உவமையாக எடுத்தாண்டனர். தொலைவில் இருப்பவரின் நினைவே ஓர் உயிரை வாழவைக்கும் என்னும் எண்ணம் எத்துணை அழகானது! அயலூரில் இருக்கும் பிள்ளையை எண்ணி இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மார் எல்லாரும் அவ்வுவமையின் பொருளை அறிவார்கள்.

சங்கப் புலவர் வேறொரு காட்சியைக் காட்டுகிறார். அகநானூற்றின் 160ஆம் பாடலைப் பாடியவர் குமுழிஞாழலார் நப்பசலையார். நிறைசூல் கொண்ட பெண் ஆமை, அடும்பங்கொடி சிதைய, வெண்மணல் மேட்டில் முட்டைகளை ஈன்று புதைத்துச் செல்கிறது. குஞ்சுகள் வெளிவரும் நாள்வரை ஆண் ஆமை அவற்றைக் காத்து நிற்கிறது என்பது அவர் காட்டும் காட்சி. மணல், கொடி, உருண்டை வடிவான முட்டை, அதன் புலால் நாற்றம் ஆகிய எதையும் புலவரின் கண் தவறவிடவில்லை. ஒன்றில் மட்டுமே அவர் பிழைபட்டார். கடலாமையில் ஆண் காவலுக்குக் கரை ஏறுவதே இல்லை. முட்டையிட்ட தாயும் திரும்பிப் பார்ப்பதில்லை. நினைவும் இல்லை, காவலும் இல்லை. வெயிலின் சூட்டை வாங்கிய மணல் மட்டுமே அந்த முட்டைகளுக்குத் துணை.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் புலவர் கற்பனையில் நிறுத்திய அந்தக் காவலனின் இடம், நம் காலத்தில் சென்னைக் கடற்கரையில் நிரப்பப்பட்டது. அங்கே வந்து நின்றவர்கள் மாணவர்களும், இயற்கை ஆர்வலர்களும், பின்னர் மீனவ இளைஞர்களும். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எவரும் கூலி கொடுத்து அழைக்கவுமில்லை. அவர்களது வரலாற்றைச் சுருக்கமாக எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரைக்கு வரும் தாய்

சோழமண்டலக் கரைக்கு மிகுதியாக வரும் கடலாமையைச் சிற்றாமை என்றும் பங்குனி ஆமை என்றும் அழைப்பர். முட்டையிட அது கரையேறும் பருவமே அதற்குப் பெயராயிற்று. சனவரி முதல் ஏப்ரல் வரை, நள்ளிரவையொட்டிய வேளையில், அலை எட்டாத இடம்வரை அது ஊர்ந்து வருகிறது. பின் துடுப்புகளால் ஒரு முழ ஆழத்துக்குக் குடம் போன்ற குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலால் மூடி, தன் உடலையே திமிசுக்கட்டைபோல ஆக்கி மேல்மணலைத் தட்டி இறுக்குகிறது. பிறகு கடலை நோக்கித் திரும்பிவிடுகிறது. அப்போது அதன் கண்களிலிருந்து நீர் வழியும். உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது என்பர் அறிவியலார். பார்க்கும் மனிதருக்கோ, பிள்ளைகளை விட்டுப் பிரியும் தாயின் அழுகையாகவே அது தோன்றுகிறது.

ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிப்படும். எந்தத் திசையில் வெளிச்சம் மிகுந்திருக்கிறதோ, அந்தத் திசையில் அவை ஓடும். இருண்ட கரையில், விண்மீன் ஒளியை வாங்கி மின்னும் கடலே மிகுந்த வெளிச்சம். ஆகவே, வழிகாட்ட எவரும் இல்லாமலே அவை கடலைச் சேர்ந்துவந்தன. நாயும் நரியும் நண்டும் காக்கையும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்னும் மீதம் இருந்தது. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து முதிர்ந்தாலே அரிது என்பது பொதுவான மதிப்பீடு. அந்த ஒன்றை நம்பியே ஆயிரமும் இடப்படுகின்றன. மனிதன் தன் பங்கையும் கேட்கத் தொடங்கியபோதுதான் அந்தக் கணக்கு பிழைத்தது.

முதலில் நடந்தவர்கள்

1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேகரும் அவருடைய இளம் நண்பர்களும் சென்னைக்குத் தெற்கே இரவில் கடற்கரையோரமாக நடக்கலாயினர். ஆமை ஏறி இறங்கிய தடம், இழுவை வண்டியின் சக்கரத் தடம்போல மணலில் நெடுகப் பதிந்திருக்கும். தடத்தைத் தொடர்ந்து சென்று, கோலால் மணலைக் குத்திப் பார்த்து, குழி இருக்கும் இடத்தை அறிய வேண்டும். முட்டை விற்போரும் அதே தடத்தை, அதே கோலுடன் தேடினர். எவர் முந்தி வருகிறாரோ அவருக்கே முட்டைகள் என்பதுதான் நிலை. கண்டெடுத்த முட்டைகளை வேலியிட்ட ஓரிடத்தில் மீண்டும் புதைத்துக் காக்கும் முயற்சியும் அப்போதே தொடங்கியது.

அக்குழுவில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படிக்க வந்தவர், படிப்பை விட்டுக் கடலாமைகளைத் தேடிச் சென்றார். இந்தியாவின் கரைகளிலும் தீவுகளிலும் பல ஆயிரம் கிலோமீட்டர் கால்நடையாகவே சென்று, ஆமைகள் எங்கெங்கே கரையேறுகின்றன என்று குறித்து வைத்தார். 1982ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், படகு எதுவும் நெருங்க முடியாத இலட்சத்தீவுகளின் சுகேலி என்னும் ஆளில்லாத் தீவில், ஆமைகளை ஆராயத் தனியே தங்கினார். அங்கிருந்து மனைவிக்கு மடல் எழுதி, அதைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கைக் கரையில் மீனவர் ஒருவர் கையில் அது கிடைத்தது. அவர் அதை அஞ்சலில் சேர்க்க, மடல் உரியவரிடம் வந்து சேர்ந்தது. 2023இல் சதீஷ் பாஸ்கர் மறைந்தார். அவர் பெயரை அறிந்தவர் நம்மில் மிகச் சிலரே.

1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 1977இல் சிற்றாமை இடம்பெற்றது. அதைக் கொல்வதும் முட்டையை எடுப்பதும் குற்றமாயின. 1970களின் இறுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், 1980களில் தமிழக வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்தின. 1988இல் சென்னைக் கரையில் வனத்துறையின் பணி நின்றுபோயிற்று. முட்டையிட வரும் ஆமைகளுக்கு அச்செய்தி தெரியாதே! அந்த ஆண்டின் பருவத்தில், கல்லூரி மாணவர்கள் சிலர் தாங்களே அப்பொறுப்பை ஏற்றனர். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு அவ்வாறே பிறந்தது.

மாணவர் கை

நீலாங்கரையிலிருந்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர்வரை சுமார் 7 கிலோமீட்டர். பருவம் முழுவதும் இரவு தவறாமல் அந்தத் தொலைவை அவர்கள் நடந்தனர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நடை நிற்கவில்லை. அன்னை வேளாங்கண்ணித் திருத்தலம் அமைந்துள்ள கரை அதுதான் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். செப்டம்பர்த் திருவிழாவில் நம் மக்கள் திரள்திரளாகக் கூடும் மணலில்தான், அது ஓய்ந்த சில மாதங்களுக்குப் பின் இந்தத் தாய்கள் தனித்து வந்து போகின்றன.

ஒரு பங்குனி இரவில் நாமும் அவர்களுடன் நடந்தோம். பதினொரு மணிக்கு மேல் தொடங்கிய நடை, பொழுது புலரும் வேளையில் முடிந்தது. கைவிளக்கை ஏற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மணலில் நடந்து பழகாத நம் கால்கள் இரண்டாம் கிலோமீட்டரிலேயே சோர்ந்தன. நமக்கு முன்னே நடந்த மாணவிக்கு மறுநாள் காலை தேர்வு இருந்ததாம். தடம் ஒன்றைக் கண்டதும் அவள் குனிந்து, மணலைத் தன் கைகளாலேயே அகற்றி, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்தாள். இட்ட சில மணி நேரத்துக்குள் இடம் மாற்றிவிட வேண்டும். எடுக்கும்போது முட்டையைப் புரட்டிவிடக் கூடாது. புரட்டினால் உள்ளிருக்கும் கரு சிதைந்துவிடும் என்று விளக்கினாள். எண்ணி முடிக்கும்வரை அவள் வேறொன்றும் பேசவில்லை. நற்கருணைப் பாத்திரத்தை ஏந்தும்போது நம் கைகளில் இருக்க வேண்டிய கவனத்தை அன்று அந்தக் கைகளில் கண்டோம்.

பெசன்ட் நகர் மணலில் வேலியிட்ட பொரிப்பகத்தில், தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே குட வடிவில் குழி தோண்டி முட்டைகளைப் புதைக்கிறார்கள். பொரியும் நாள் நெருங்கியதும் ஒவ்வொரு குழியின்மேலும் கூடையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். குஞ்சுகள் வெளிவந்ததும் ஈர மணலில் விட்டுவிடுகிறார்கள். தூக்கிக் கடலில் போடுவதில்லை. அந்தச் சில அடிகளை அவை தாமாகவே நடந்தாக வேண்டும். முதிர்ந்தபின் பிறந்த கரைப்பக்கமே திரும்பிவர அது உதவக்கூடும் என்பது அவர்கள் கருத்து.

குஞ்சு வளர்ந்து தாயாகிக் கரைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் இந்த மாணவி படித்து முடித்து வேலைக்குப் போய் வேறோர் ஊரில் வாழ்ந்துகொண்டிருப்பாள். தான் காத்த முட்டையிலிருந்து வந்த ஆமையை அவள் ஒருநாளும் அடையாளம் காணப்போவதில்லை. ஆமையும் அவளை அறியாது. ஆனாலும், மறுநாள் இரவும் ஒருவர் நடக்கிறார். பலனைக் காணாமலே பணியாற்றுவது பற்றி நாம் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அது எப்படி இருக்கும் என்பதை அன்று இரவுதான் அருகிலிருந்து பார்த்தோம்.

நம் கரையின் கணக்கு

தெற்கே நம் கடலோரப் பங்குகளின் கதை வேறு. வடக்கே வாழும் பட்டினவ மீனவர் பலர் ஆமையைத் திருமாலின் அவதாரமாகக் கருதி உண்ணாமல் விட்டனர். தூத்துக்குடி, இராமநாதபுரக் கரைகளில் அந்தத் தடை இல்லை. 1945 முதல் 1964 வரை அங்கிருந்து கடலாமைகள் இலங்கைக்கு ஏற்றுமதியானதை மீன்வளத் துறையினர் பதிவு செய்துள்ளனர். பேராமையின் இறைச்சி நம்மவர் உணவாக இருந்தது. ஆமை இரத்தத்தை இளைப்புக்கும் மூலத்துக்கும் மருந்தென்று குடிப்பதும் வழக்கமாக இருந்தது. சட்டம் வந்தபின்னும் நெடுநாள் அது மறைவில் நடந்தது.

குருவான புதிதில் அத்தகைய பங்கொன்றில் நாம் பணியாற்றினோம். முதிய மீனவர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டோம். அவர் சற்றும் தயங்கவில்லை. “அப்போ அது மருந்து, சாமி. தப்புன்னு எங்களுக்கு யாரு சொன்னா?” என்றார். அவர் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை, உண்மையாகவே கேட்டார். நாம் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். அவருடைய ஊரில் நூற்றாண்டுகளாகக் கோவில் இருக்கிறது, மேடையும் இருக்கிறது. பேதுருவின் வலை நிறைந்த கதையை ஆண்டுதோறும் அங்கே சொல்லியிருக்கிறோம். அந்த வலையில் தவறி விழும் உயிர்களைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. முதல் மனிதனிடம் தோட்டத்தை ஒப்படைத்தபோது, அதைப் பண்படுத்துமாறும் பாதுகாக்குமாறும் ஆண்டவர் பணித்தார் என்று தொடக்க நூலில் படிக்கிறோம். பண்படுத்தும் பகுதியை உழைப்பின் மாண்பு என்று விளக்கினோம்; பாதுகாக்கும் பகுதியை விரைந்து கடந்துவிட்டோம். அம்முதியவரின் கேள்விக்குரிய குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

ஆகவேதான், மீனவ இளைஞர்கள் இப்பணியில் கைகோத்ததை வரலாற்றின் முக்கியத் திருப்பமாக நாம் கருதுகிறோம். 2002இல் நீலாங்கரையில் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை, மீனவ ஊர்களிலிருந்தே இளைஞர்களைத் திரட்டிக் கடலாமைப் பாதுகாவலர்களாக்கியது. வலையில் சிக்கிய ஆமையை விடுவிக்க, விலையுயர்ந்த வலையையே அறுத்துவிடும் மீனவர்களும் இருக்கிறார்கள். நகரத்து மாணவன் தன் உறக்கத்தைக் கொடுக்கிறான். மீனவனோ தன் அன்றைய வருமானத்தைக் கொடுக்கிறான். ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை எண்ணிப் பார்ப்போர்க்கு இவற்றுள் எது பெரிதென்று சொல்லத் தேவையில்லை.

மணலும் கொடியும்

முட்டையைக் காப்பதோடு பணி முடிவதில்லை. புலவர் ஆமையோடு அடும்பையும் சேர்த்தே பாடினார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆட்டுக் குளம்புபோல நடுவே பிளந்த இலையும், ஊதா நிறப் பூவும் கொண்ட அக்கொடி மணலின்மேல் படர்ந்து, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்துவைக்கிறது. முள்போன்ற முனைகொண்ட இராவணன் மீசை என்னும் புல்லும் அவ்வாறே. இவ்விரண்டும் சேர்ந்து எழுப்பும் மணல்மேடு கடலுக்கும் ஊருக்கும் இடையே கரையாகிறது. ஊரின் வெளிச்சம் கடற்கரையில் விழாதபடி திரையும் ஆகிறது.

19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகச் சவுக்கு இக்கரைக்குக் கொண்டுவரப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், அரணாக இருக்கும் என்னும் நல்லெண்ணத்தில் சவுக்கு பல இடங்களில் அலையோரம்வரை நடப்பட்டது. அடர்ந்த சவுக்கின் நிழலில் அடும்பு வளர்வதில்லை. உதிர்ந்த சருகும் வேரும் நிறைந்த மணலில் ஆமை முட்டையிடுவதுமில்லை. வடதமிழகக் கரையில் ஆய்வு செய்தோர் இதைச் சுட்டிக்காட்டியுள்ளனர். அழிவைத் தடுக்க நட்ட மரமே வேறோர் அழிவுக்கு வழிசெய்தது. அந்த மண்ணுக்கு உரியது எது என்று கேட்காமல் செய்யும் நன்மையும் தீங்காகலாம்.

மணல்மேடு அழிந்த இடங்களில் மின்விளக்குகளின் ஒளி நேரே கரையில் விழுகிறது. பொரிந்த குஞ்சுகள் கடலை விட்டுச் சாலையை நோக்கி ஓடுகின்றன. பருவகாலத்தில் கரையோர விளக்குகளை இரவில் அணைக்குமாறு தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் வேண்டிவருகிறார்கள். கடலோரத்தில் நம் ஆலயங்களும் இல்லங்களும் நிறைய உண்டு. அந்த நான்கு மாதங்கள் கடலை நோக்கிய விளக்கை அணைத்து வைப்பது நமக்கும் இயலும்.

கடலில் நேர்வது

2024ஆம் ஆண்டில் தமிழகக் கரைகளிலிருந்து இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன. சில இளைஞர் தொடங்கிய பணியை இன்று வனத்துறையும் பல மாவட்டங்களில் ஏற்று நடத்துகிறது. நன்றியோடு நினைக்க வேண்டிய வளர்ச்சி இது. ஆனால், அடுத்த ஆண்டு சனவரியில், சென்னையிலும் அதன் தென்புறக் கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கி நெடுநேரம் நீருக்கடியில் இழுபட்டால், கடலில் பிறந்த அது கடலிலேயே மூழ்கி இறக்கிறது. விசைப்படகுகள் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1983ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம். முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதோ பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017 முதல் 61 நாளான மீன்பிடித் தடைக்காலமும் ஏப்ரல் 15இல்தான் ஆரம்பமாகிறது. அதற்குள் ஆமைகளின் பருவம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வலையில் புகுந்த ஆமை வெளியேற வழிவிடும் ஆமை விலக்குக் கருவி உண்டு. மீனில் ஒரு பகுதியும் அவ்வழியே போய்விடும் என்று மீனவர் அஞ்சுகின்றனர்.

இங்கே மீனவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியன்று. இழுவலையை அவர்கள் கேட்டு வாங்கவில்லை. 1950களிலிருந்து மீன்வளர்ச்சித் திட்டங்கள் அதைக் கொண்டுவந்தன; இறால் ஏற்றுமதி அதை வளர்த்தது; அந்த இறாலை உண்பவர் கடலைக் காணாதவர். படகுக்குக் கடன் வாங்கிய மீனவர், வட்டி கட்டும் நாளை எண்ணியே வலை வீசுகிறார். கருவியின் செலவையும் இழப்பையும் அவர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, ஆமைக்காக நாம் கண்ணீர் விடுவது பொருளற்றது.

கரையில் நின்ற காவலர்களுக்கும் இது கசப்பான பாடம். மணலில் இருப்பதை அவர்கள் காத்தனர். நீரில் இருப்பதைக் காக்க அவர்களால் இயலவில்லை. அன்று நம்முடன் நடந்த மாணவனிடம் இதைக் கேட்டோம். இறந்த ஆமைகளையும் அவர்கள் எண்ணுகிறார்களாம். தேதி, இடம், நீளம், காயம் எல்லாவற்றையும் குறித்து வைக்கிறார்கள். “எண்ணாமல் விட்டால் இறந்ததுகூட யாருக்கும் தெரியாது, ஃபாதர்” என்றான் அவன். அவர்களைப் போன்றோர் இரவுதோறும் எழுதிவைத்த குறிப்புகளே அதிகாரிகள் முன்னும் தீர்ப்பாயத்தின் முன்னும் பேசுகின்றன.

ஆமை நினைவால் பொரிப்பதில்லை என்பதை இன்று நாம் அறிவோம். நல்லெண்ணத்தாலும் அது பொரிவதில்லை. எவரோ ஒருவர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இருட்டில் நடக்க வேண்டியிருக்கிறது. கடலோரப் பங்கு மக்களே, உங்கள் ஊர்க் கரைக்கும் பங்குனியில் ஆமை வந்து போகலாம். அதன் தடத்தை முதலில் காண்பவர் யாராக இருக்கப்போகிறார்?